பெரியப்பாவின் கையில் துப்பாக்கி

ஆட்டோவிலிருந்து இறங்குவதற்கு முன்பே எனக்குக் கோபம் வந்துவிட்டது. திருமுல்லைவாயிலில் ராமு அண்ணனின் நகருக்குத் திரும்பும் முனையில், மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே ஒரு பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் என் பெரியப்பா சபாபதி நின்றுகொண்டிருந்தார். முறுக்கு மீசை, காக்கி உடுப்பு, மார்பில் குறுக்காகத் தோட்டா வரிசை, கையில் துப்பாக்கி. பின்னால் ஊரே தீப்பற்றி எரிந்தது.

பெரியப்பாவுக்கு மீசையே கிடையாது. பேனாவைத் தவிர வேறெதையும் அவர் கையில் எடுத்ததில்லை என்பதுதான் எங்கள் வீட்டுப் பேச்சு. அதையே ஒரு குற்றமாகச் சொல்லித்தான் அப்பா என்னை வளர்த்தார்.

"இன்னாம்மா, எறங்கலியா? இதான் நீ சொன்ன அட்ரஸு" என்றார் ஆட்டோக்காரர்.

"இந்தப் படத்தில இருக்கிறது யார்னு தெரியுமா?"

"யாரோ தியாகிம்மா. வெள்ளக்காரன சுட்டவராம். கட்டுனதுலேர்ந்து இந்த முக்குல வண்டியத் திருப்பவே முடியல. ஒரே பேஜாரு."

நான் ஈப்போவிலிருந்து வந்தவள். பெயர் வசந்தா. இடைநிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். நான் வந்த காரியம் சின்னது. ராமு அண்ணனின் நகர் நலச் சங்கத்தார் சுதந்திர தினத்தன்று பூங்காவில் தியாகிக்கு ஒரு நினைவுக் கல் திறக்கிறார்கள். "நம்ம குடும்பத்துக்குக் கல்லு வெக்கிறாங்கம்மா, நீ வந்தே ஆவணும்" என்று அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். அண்ணன் என்றால் பெரியப்பாவின் மகன். குடும்பத்துக்கு என்றால் இரண்டு சகோதரர்களுக்கும் என்று நினைத்தேன். என் அப்பா கந்தசாமியின் படத்தைப் புடவைக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன். அந்தப் படத்தில் அப்பா உண்மையாகவே காக்கி உடுப்பில் இருக்கிறார். உண்மையாகவே துப்பாக்கி வைத்திருக்கிறார்.

விமான நிலையத்திலிருந்து வந்த வழியைச் சொல்லாமல் விட முடியாது. குமணன்சாவடிச் சந்திப்பில் தலைக்கு மேல் ரயில் போகத் தூண்கள் எழுப்பியிருக்கிறார்கள். தூண்களுக்குக் கீழே மனிதர்கள் எப்படிப் போவார்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. லாரி, தண்ணீர் வண்டி, பள்ளிக்கூட வேன், ஒரு சவ ஊர்வலம் எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஈப்போவில் இப்படி ஒரு சந்திப்பு இருந்தால் மறுநாள் பத்திரிகையில் வாசகர் கடிதம் வரும். இங்கே எல்லோரும் ஹாரன் அடித்தார்கள், அதோடு கடமை தீர்ந்தது.

வீட்டில் மல்லிகா அண்ணி இடியாப்பமும் வடைகறியும் வைத்தார். வடைகறியை நான் முன்பின் சாப்பிட்டதில்லை. உதிர்த்த வடையை மசாலாவில் போட்டுக் கொதிக்கவிட்ட ஒரு பண்டம். கோபத்தோடு உட்கார்ந்த நான் மூன்றாவது முறை வாங்கிக்கொண்டதும் அண்ணிக்கு ஒரே சந்தோஷம்.

"அண்ணே, அந்தப் பேனரை யார் போட்டது?" என்று கேட்டேன்.

ராமு அண்ணன் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரிய உருவம், பெரிய குரல். அன்று அந்தக் குரல் எங்கேயோ போயிருந்தது. "அது ஃபிளெக்ஸ் கடைக்காரங்க கொஞ்சம் ஓவரா பண்ணிட்டாங்கம்மா" என்றார். பிறகு தட்டைப் பார்த்தே சாப்பிட்டார்.

எங்கள் குடும்பக் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். பூந்தமல்லியில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் சபாபதி மனுக்காரர். ஏரி மதகு உடைந்தால் மனு, வரி கூடினால் மனு, கிராமத்து மாட்டைப் பட்டியில் அடைத்தால் மனு. வெள்ளைக்காரனையே வெட்கப்பட வைக்கலாம் என்று நம்பியவர். தம்பி கந்தசாமிக்கு அந்த நம்பிக்கை மயிரளவும் இல்லை. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே தண்டவாளத்தை ஒட்டிப் போன தந்திக் கம்பியை அறுத்துவிட்டுப் பிடிபட்டார். சில நாள் கழித்துத் திடீரென்று, போடா என்று விட்டுவிட்டார்கள். வெளியே வரும்போது அவர் பார்த்த காட்சியை எங்களுக்குச் சாகும்வரை சொன்னார். உள்ளே அதிகாரியின் மேசைக்கு முன்னால் அண்ணன் குனிந்து நின்று எழுதிக்கொண்டிருந்தாராம். "உங்கண்ணன் மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டான்" என்று காவலர்கள் சிரித்தார்களாம். அப்பா வாசலிலேயே காறித் துப்பினார். அன்றே தாய்மாமன் அவரை மலாயாவுக்குக் கப்பலேற்றிவிட்டார். பிற்பாடு யுத்தம் வந்து மலாயாவில் இந்திய விடுதலைப் படை எழுந்தபோது அப்பா ரப்பர்த் தோட்டத்தை விட்டு அதில் சேர்ந்தார். பர்மா எல்லைவரை போய், ஒரு கால் தாங்கி ஈப்போவுக்குத் திரும்பினார்.

எங்கள் வீட்டில் பெரியப்பாவின் பெயரை எடுக்கக் கூடாது. எடுத்தால் அப்பா சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார். மீன் குழம்பாக இருந்தாலும் சரிதான்.

மறுநாள் காலை அண்ணன் எழுந்திருக்கும் முன்பே புறப்பட்டு, புறநகர் ரயிலில் அம்பத்தூர் போனேன். ஒரே ஒரு நிலையம். திருநின்றவூரிலிருந்து ஏறியவர்கள் பெட்டியை முன்பே நிரப்பியிருந்தார்கள். இரண்டு பெண்கள் தங்கள் தெருவில் தேங்கும் சாக்கடைத் தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மனு குடுத்து மனு குடுத்து கை ஓஞ்சி போச்சு. ரோட்டுல ஒக்காந்தாதான் வருவானுங்க" என்றாள் ஒருத்தி.

"நீ ஒக்காரு. ஒம் மேல கேஸு போட்டா யாரு ஜாமீன் எடுக்கறது? அதுக்கும் மனு எழுத ஒரு ஆளு வேணும்ல?" என்றாள் மற்றவள்.

முப்பது வருடம் நான் வகுப்பில் கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். ஒரு பக்கம் மிதவாதிகள்: மனு, மாநாடு, வேண்டுகோள். மறு பக்கம் தீவிரவாதிகள்: மறியல், குண்டு, துப்பாக்கி. "இருவருக்கும் உள்ள வேறுபாடுகளை விளக்குக" என்பது தவறாமல் வரும் தேர்வுக் கேள்வி. அந்த இரண்டு பெண்களும் அம்பத்தூரில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்கள்.

ஃபிளெக்ஸ் கடை ஒரு பிரியாணிக் கடைக்கு மாடியில் இருந்தது. வடிவமைப்பவள் சுகன்யா, முப்பது வயதுப் பெண். என் சண்டையை அவள் கொஞ்சமும் பொருட்படுத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ சொல்லி, கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"இதாம்மா அவங்க குடுத்த போட்டோ. சொக்கா போட்டுகினு சாதுவா ஒரு தாத்தா. 'இத்த வெச்சி கெத்தா பண்ணும்மா, சுட்டவரு மாரி இருக்கணும்'னு செகரெட்டரி சொன்னாரு. ஒடம்பு வேற ஒரு ஆளோடது. தீ ரெடிமேடு. மீச மட்டும் நானே வெச்சேன்."

"மீசை ஏன் வச்ச?"

"துப்பாக்கி கீது, மீச இல்லாங்காட்டி எப்டிம்மா?"

அந்தத் துப்பாக்கியும் அந்தக் காலத்தது இல்லை. இப்போது எல்லைப்புறச் செய்திகளில் காட்டுகிறார்களே, அந்த வகை. அதைச் சொன்னேன். "யாரும்மா அவ்ளோ உத்துப் பாக்கறாங்க?" என்று சிரித்தாள். அவளைக் கோபித்து என்ன ஆகப்போகிறது? கல் எங்கே செதுக்குகிறார்கள் என்று கேட்டு முகவரியை வாங்கிக்கொண்டேன்.

கல் பட்டறை ஆவடி போகும் சாலையில் இருந்தது. ஷேர் ஆட்டோவில் பின்னால் ஆறு பேர், ஓட்டுநருக்கு இரு பக்கமும் ஒவ்வொருவர். என் மடியில் யாருடைய கீரைக்கட்டோ இருந்தது. இறங்கும்போது கீரை நசுங்கிவிட்டதென்று என்னோடு சண்டைக்கு வந்தார்கள்.

கல் வெட்டும் ஏழுமலை, தூசி படிந்த தலையோடு, கறுப்பு கிரானைட்டைத் துடைத்துக் காட்டினார். மேலே தங்க எழுத்தில் சிறப்பு விருந்தினர் பெயர். அடுத்து சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர். பிறகு இடம் சமன் செய்து கொடுத்தவர், இனிப்பு வழங்குபவர், ஒலிபெருக்கி. எல்லாவற்றுக்கும் கீழே, புல் முளைத்தால் மறைந்துபோகும் உயரத்தில், சின்ன எழுத்தில் ஒரு வரி: "தந்திக் கம்பியை அறுத்துச் சிறை சென்று, மலாயாவில் ஆயுதமேந்திப் போராடிய தியாகி சபாபதி."

தந்திக் கம்பியை அறுத்தது என் அப்பா. மலாயாவுக்குப் போனது என் அப்பா. ஆயுதமேந்தி, பர்மாச் சேற்றில் காலைக் கெடுத்துக்கொண்டது என் அப்பா. அவருடைய வாழ்க்கை முழுவதையும் உருவி, யார் முகத்தில் விழிக்கக்கூட அவர் விரும்பவில்லையோ அந்த அண்ணனுக்குப் போர்த்தியிருக்கிறார்கள். அப்பாவின் பெயர் ஒலிபெருக்கிக்காரர் பெயர் அளவுக்குக்கூட அந்தக் கல்லில் இல்லை.

"இந்த வாசகம் யார் கொடுத்தது?"

"தியாகியோட புள்ளதாம்மா. ராமு அண்ணாத்தே. கூடவே நின்னு பாத்துகினு இருந்தாரு" என்றார் ஏழுமலை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்றார்.

அன்று இரவு நான் அண்ணன் வீட்டில் சாப்பிடவில்லை. தட்டை நகர்த்தும் பழக்கம் எனக்கும் வருகிறது என்று தெரிந்தது.

அடுத்த நாள் அண்ணன் தானாகவே வந்து, "பூந்தமல்லி போலாம் வா. ஒன்னு சொல்லணும், ஊட்ல வேணாம்" என்றார். ஆவடியில் பஸ் ஏறினோம். பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டியதும் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. நடத்துனர் இறங்கிப் பீடி பற்றவைத்தார். பாதிப் பேர் அவரிடம் போய், "அண்ணே, அடுத்த வண்டியில ஏத்தி உடுங்கண்ணே" என்று கெஞ்சினார்கள். மீதிப் பேர் பஸ்ஸின் தகரத்தைத் தட்டிக் கெட்ட வார்த்தையில் கத்தினார்கள். கத்தியதால் அவர் பீடியை அணைத்தார். கெஞ்சியதால் அடுத்த பஸ்ஸை நிறுத்தினார். நாங்கள் ஏறவில்லை. எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். இந்த ஊர் டீ கைக்கடக்கமான கண்ணாடிக் குவளையில் வருகிறது. கோபத்தில் இரண்டே மடக்கில் முடிந்துவிட்டது.

"திருடிட்டீங்களேண்ணே" என்றேன். "கேட்டிருந்தா பாதி கொடுத்திருப்பேன். ஒரு மனுஷனோட பெயரையே எடுத்திட்டீங்களே."

அண்ணன் மறுக்கவில்லை. "கம்பனில சேந்த புதுசு. கேன்டீன்ல ஒருத்தன் எங்க தாத்தா தூக்குமேடை வரைக்கும் போனாருன்னான். இன்னொருத்தன் எங்கப்பா தடியடில மண்ட ஒடஞ்சவருன்னான். உங்கப்பா இன்னாடா பண்ணாருன்னு கேட்டாங்க. மனு எழுதுனாருன்னா சிரிப்பானுங்கம்மா. சித்தப்பா கதைய எடுத்து உட்டேன். ஒரு நாளைக்குத்தான்னு நெனச்சேன். அது அப்டியே ஒட்டிகிச்சு. நாப்பது வருஷம். ரிட்டையர் ஆவும்போது மேடையிலயே சொன்னாங்க, துப்பாக்கி புடிச்ச தியாகியோட புள்ளன்னு. அவனுங்கதான் இப்ப கல்லு வெக்கலாம்னு செகரெட்டரிகிட்ட போய்ச் சொன்னது. நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு இல்லன்னு சொல்றது?"

"அதுக்கு ஜெயிலுக்குப் போனார்னு வேற போடணுமா? எங்கப்பாவே ஜெயிலுக்குப் போகல. உங்கப்பா மன்னிப்பு எழுதிக் கொடுத்துத்தானே அவரை வெளிய எடுத்தார்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெரிய குரல் அப்போதுதான் வெளியே வந்தது. டீக்கடைக்காரரே திரும்பிப் பார்த்தார்.

"அந்த ஒரு வார்த்த மட்டும் அந்தக் கல்லுல நெஜம். ஜெயிலுக்குப் போனது எங்கப்பா."

பிறகு மெதுவாகச் சொன்னார். "சித்தப்பா பாத்தது நெஜம்தான். அப்பா குனிஞ்சி நின்னு எழுதிகினுதான் இருந்தாரு. இன்னா எழுதுனாருன்னுதான் சித்தப்பாவுக்குத் தெரியாது. 'கம்பிய அறுத்தது நான்தான், தம்பிக்கு ஒன்னும் தெரியாது, நான் கூப்ட்டு வந்ததால வந்தான், அவன உட்ருங்க'ன்னு எழுதுனாரு. அவங்களுக்கு ஒரு ஆளு வேணும், கெடச்சிட்டாரு. சித்தப்பா வெளிய வந்தாரு, அப்பா உள்ள போயிட்டாரு. எல்லாம் எங்கம்மா சொன்னது."

"எங்கப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அடுத்த கப்பல்ல திரும்பி வந்து, நான்தான் அறுத்தேன்னு நின்னிருப்பாரு. அவரு கொணம் தெரியாதா? சொதந்தரம் வந்தப்புறமாச்சும் சொல்லுயான்னு அம்மா கேட்டாங்களாம். 'இப்பப் போய்ச் சொன்னா, செஞ்சதுக்குக் கூலி கேக்கற மாரி இருக்கும்'னு சொல்லிட்டாரு. தியாகி பென்ஷனும் வாங்கல. 'பேப்பர்ல கம்பிய அறுத்தேன்னு கீது, நான் அறுக்கல, பொய் சொல்லி எப்டி வாங்கறது'ன்னு கேட்டாராம்."

யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார்மேலும் கோபம் வந்தது. பார்த்ததை மட்டும் வைத்துக்கொண்டு அறுபது வருடம் தட்டை நகர்த்திய அப்பாமேல். வாயைத் திறக்காமல் செத்துப்போன பெரியப்பாமேல். இவ்வளவு பெரிய காரியத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அது போதாதென்று கடன் துப்பாக்கி வாங்கி அப்பன் தோளில் மாட்டிய இந்த மனிதர்மேல். வாழ்நாளெல்லாம் மனுவில் உண்மையை மட்டும் எழுதிய ஒருவர், ஒரே ஒரு பொய் மனு எழுதினார். அதற்காகச் சிறைக்குப் போனார். அதைச் சொல்ல வெட்கப்பட்ட ஊர் என்ன ஊர்? கரும்பலகையில் கோடு போட்ட என்மேலும் கோபம் வந்தது. இந்த இருவரையும் நான் எந்தப் பக்கம் எழுதியிருப்பேன்?

"அண்ணே, கல்லை மாத்தணும். ரெண்டு பேர் பெயரும் வரணும். யார் என்ன செஞ்சாங்களோ அது மட்டும் வரணும்" என்றேன்.

"செகரெட்டரி ஒத்துக்க மாட்டாரு. அத்தோட, நான் நாப்பது வருஷமா…" என்று நிறுத்திக்கொண்டார். அழுதாரா என்று பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பூந்தமல்லி போகாமலே திரும்பினோம்.

சங்கச் செயலாளர் தனசேகர் மனை வாங்கி விற்பவர். விரல் முழுக்க மோதிரம். நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், நீங்க ஃபாரின்லேர்ந்து வந்துகிறீங்க, மரியாதையா சொல்றேன். கல்லு வெட்டியாச்சி. சீஃப் கெஸ்ட் ஒத்துகினு தேதி குடுத்தாச்சி. அடியில ஒரு வரி எடம் இருக்குது, அதுவும் ஷாமியானா போடறவருக்குச் சொல்லிட்டேன். அண்ணனுக்காகத் தம்பி, தம்பிக்காக அண்ணன்னு இதெல்லாம் குடும்ப மேட்டரு. பப்ளிக்குக்கு துப்பாக்கிதான் புடிக்கும். மனுல்லாம் எடுபடாது."

"மனு எடுபடாதா?"

"எத்தினி மனு பாத்துருக்கேன். நானே வாங்கி வெச்சிருக்கேன்" என்று சிரித்தார்.

ராமு அண்ணன் வீட்டுக்கு வந்து கால்சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்து, சங்கத்துக்கு ஒரு மனு எழுதினார். வாழ்க்கையில் அவர் எழுதிய முதல் மனு அதுதானாம். தன் அப்பா செய்யாததைச் செய்ததாகச் சொன்னது தான்தான் என்றும், வாசகத்தைத் திருத்தவேண்டும் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தனசேகர் அதை வாங்கிப் படிக்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெள்ளைக்காரனாவது வாங்கியதற்கு ஒரு முத்திரை குத்திக் கொடுத்திருப்பான்.

சுதந்திர தினக் காலையில் பூங்காவில் ஷாமியானா, ஒலிபெருக்கி, தட்டு நிறைய லட்டு. கல்லை மூவர்ணத் துணியால் மூடியிருந்தார்கள். தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து அண்ணனின் பழைய தோழர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். குழந்தைகள் வெயிலில் கொடியைப் பிடித்தபடி நின்றன. சிறப்பு விருந்தினர் வருவதாகச் சொன்ன நேரம் போய், இனிமேல் வந்தால் போதும் என்கிற நேரமும் போன பிறகு வந்தார். வந்ததும் மைக்கைப் பிடித்தார்.

"கெஞ்சிக் கேட்டு வாங்கல இந்தச் சுதந்திரம்! மனு போட்டுப் பிச்சை எடுத்து வாங்கல! ரத்தம் சிந்தி வாங்கினது! அதுக்கு சாட்சி நம்ம சபாபதி ஐயா கையில இருந்த துப்பாக்கி!"

எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. என் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், மூடிய கல்லுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன். அப்பாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டேன். என் அறுபத்தைந்து வயதில் நான் செய்த முதல் மறியல்.

"மேடம், இன்னா இது? எந்திரிங்க" என்று தனசேகர் ஓடி வந்தார்.

"அந்த மனுவுக்குப் பதில் சொல்லுங்க, எழுந்திருக்கிறேன்."

"எந்த மனு?" என்று விருந்தினர் கேட்டார். தனசேகரின் கை தன்னையறியாமல் சட்டைப்பைக்குப் போனது. அன்று போட்டிருந்தது வேறு சட்டை.

கூட்டம் சலசலத்தது. வயதான பொம்பளையைத் தூக்கவும் முடியாது, விடவும் முடியாது. அப்போது ராமு அண்ணன் எழுந்து வந்தார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் வருகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும்தான். அவர் விருந்தினர் கையிலிருந்த மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"எல்லாருக்கும் வணக்கம். எங்கப்பா துப்பாக்கியத் தொட்டதே இல்லீங்க. நான் பொய் சொன்னேன். இதோ ஒக்காந்துகினுகீதே என் தங்கச்சி, அதும் மடியில கீற படம்தான் துப்பாக்கி புடிச்சவரு. எங்க சித்தப்பா கந்தசாமி. கம்பிய அறுத்தவரும் அவருதான். எங்கப்பா வெறும் மனு எழுதுனவரு. தம்பி செஞ்சத தான் செஞ்சதா எழுதிக் குடுத்துட்டு, தம்பிக்காக ஜெயிலுக்குப் போனவரு. அத்த சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சி. எனக்கு வெக்கமா இருந்துச்சே, அதுதாங்க வெக்கம்."

அதோடு மைக்கைக் கொடுத்துவிட்டு, என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். திருநெல்வேலிக்காரர், அண்ணனோடு ஒரே பிரிவில் வேலை பார்த்தவர். "ஏல ராமு, இத நாப்பது வருசம் கழிச்சா சொல்லுவ? எங்களுக்குத் தெரியாதாக்கும்? ஒவ்வொரு வருசமும் ஒங்கய்யா துப்பாக்கி நீளம் கூடிக்கிட்டேல்லா போச்சு!" என்றார். கூட்டம் சிரித்தது. அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த மனிதர் தன் நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு வந்து எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு அவர் மனைவி. பிறகு மல்லிகா அண்ணி, லட்டுத் தட்டோடு.

விருந்தினருக்கு அடுத்த ஊரில் இன்னொரு கொடி காத்திருந்தது. இங்கே கொடியை ஏற்றிவிட்டு, ஒரு லட்டை எடுத்துக்கொண்டு, "நீங்களே பேசி முடிச்சி அப்பால தெறந்துக்கங்க" என்று காரில் ஏறிவிட்டார். அவர் போனதும் தனசேகருக்குக் கல்லில் அக்கறையே போய்விட்டது. "இன்னா வேணாலும் எழுதிக்குங்க, எம் பேர மட்டும் தொடாதீங்க" என்றார்.

மதியம் ஏழுமலை தேய்க்கும் இயந்திரத்தோடு வந்தார். பொய் வரி தூசியாகப் பறந்தது. அதற்குக் கீழே ஷாமியானாக்காரருக்கு வைத்திருந்த இடமும் சேர்ந்து இரண்டு வரி கிடைத்தது. யார் பெயர் முதலில் என்று கேட்டார். "சித்தப்பா பேரு" என்றார் அண்ணன். "பெரியப்பாதானே மூத்தவர்?" என்றேன் நான். குரல் உயர்ந்தது. ஏழுமலை இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் இப்ப அட்சிக்கப் போறீங்களா? வெயில்ல நிக்கறேன்ல?" என்றார். கடைசியில், எது முதலில் நடந்ததோ அது முதலில் என்று முடிவானது.

இப்போது ஈப்போவில் இருக்கிறேன். அண்ணன் கல்லின் படத்தை அனுப்பினார். மேலே இருந்த தங்க எழுத்துப் பெயர்களையெல்லாம் கத்தரித்துவிட்டுக் கீழ் இரண்டு வரியை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டேன். அந்த அளவுக்காவது என் கோபத்துக்கு ஒரு வேலை வேண்டும். "தந்திக் கம்பியை அறுத்தவர், படையில் போரிட்டவர் கந்தசாமி. அவருக்காகச் சிறை சென்றவர், அண்ணன் சபாபதி."

சாப்பாட்டு மேசைக்கு நேரே, அப்பாவின் படத்துக்கு எதிரில் அதை மாட்டியிருக்கிறேன். அப்பா பார்த்துக்கொண்டே இருக்கட்டும். இனி அவர் தட்டை நகர்த்த முடியாது.